1932 ஃபோர்டுக்கு ஃப்ளாட்ஹெட் தேடிய நாட்குறிப்பு

மார்ச் 2
வண்டி 1932 ஃபோர்டு ரோட்ஸ்டர். கூடவே 1939-ஆம் வருட மூன்று கியர் பெட்டி; அதை மாற்றுவதாக இல்லை. எஞ்சின் அந்த வருடத்ததாகவே இருக்கட்டும் என்று மனசு கேட்கும். ஃபோர்டின் முதல் ஃப்ளாட்ஹெட் (வால்வுகள் ஹெட்டில் இல்லாமல் பிளாக்கிலேயே இருக்கும்) வி8, 221 கன அங்குலம், 65 குதிரைத்திறன். ஆனால் அதன் மெயின் பேரிங்குகள் (கிராங்க் தண்டைத் தாங்குபவை) பாபிட் என்ற மென் உலோகத்தை உருக்கி ஊற்றிக் கடைந்தவை. அந்த வேலை தெரிந்த கைகள் இன்று சொற்பம். நெடுந்தூரம் ஓட்டப்போகிற வண்டிக்கு அது வேண்டாம். மிச்சம் பின்னால் வந்த இரண்டு ஃப்ளாட்ஹெட் வகைகளே: 1948 வரை வந்த 59ஏபி, 1949–53-இல் வந்த 8பிஏ.

மார்ச் 5
59ஏபி-யில் பெல்ஹவுசிங் (எஞ்சினையும் கியர்பாக்ஸையும் இணைக்கும் கூடு) பிளாக்கோடு ஒன்றாக வார்த்தது. 1939 கியர்பாக்ஸ் அப்படியே பொருந்தும். 8பிஏ-க்குப் பெல்ஹவுசிங் தனி. பழைய கியர்பாக்ஸ் உட்கார, அந்தக் கால எஃப்-1 டிரக்கின் பெல்ஹவுசிங்கைத் தேடிப் பிடிக்க வேண்டும்.

பலர் சறுக்கும் இடம் டிஸ்ட்ரிபியூட்டர், அதாவது சிலிண்டர்களுக்குத் தீப்பொறியைப் பிரித்து அனுப்பும் கருவி. 8பிஏ-யினுடையது வேக்குவத்தை மட்டும் நம்பி டைமிங்கை (தீப்பொறி விழும் நேரத்தை) முன்தள்ளும். அந்த வேக்குவம் அதற்கென்றே துளை வைத்த ஹோலி கார்புரேட்டரிலிருந்து வரும். இரட்டை ஸ்ட்ராம்பெர்க் 97 கார்புரேட்டர் மாட்டினால் அந்தத் துளை இல்லை. டைமிங் நகராது, எஞ்சின் சூடேறி இழுக்காது. வேகத்தைப் பொறுத்து டைமிங்கை நகர்த்தும் எடைக்குண்டு வைத்த டிஸ்ட்ரிபியூட்டர் வாங்கியே ஆகணும்.

மார்ச் 9
இரண்டு எஞ்சின் பார்த்தாயிற்று. ஒன்று 59ஏபி. இன்னொன்று 8பிஏ வகை, மெர்க்குரி (ஃபோர்டின் இன்னொரு கார் பிராண்டு) எஞ்சின் என்று சொல்லி விலை கூட்டியிருந்தது. ஹெட்டில் (சிலிண்டர்களின் மேல்மூடியில்) உள்ள எழுத்தை நம்பக் கூடாது, ஹெட் மாறியிருக்கலாம். 1949–53 மெர்க்குரியின் பிளாக்கும் ஃபோர்டின் பிளாக்கும் ஒன்றே, வித்தியாசம் கிராங்கில், அதாவது பிஸ்டன்கள் சுழற்றும் தண்டில். ஹெட்டைக் கழற்றி, பிஸ்டன் மேலிருந்து கீழ்வரை எவ்வளவு இறங்குகிறது என்று அளந்தோம். 3.75 அங்குலம் வந்தால் ஃபோர்டு, 4 வந்தால் மெர்க்குரி. சரியாக 4.

மார்ச் 16
இரண்டு பிளாக்கும் காரத் தொட்டியில் இரவு முழுக்க ஊறின. தண்ணீர் ஜாக்கெட்டுக்குள் வளைந்த கம்பியை விட்டுக் கிளறியதும் துருச்சேறோடு கறுத்த மணல் கொட்டியது, விரலில் தேய்த்தால் நெறநெறக்கிறது. ஃபவுண்டரியில் வார்த்தபோதே தங்கிய மணல் அது. வார்ப்புக் கம்பித் துண்டுகளும் இரண்டு வந்தன. இதை எடுக்காமல் பெரிய ரேடியேட்டர் வைப்பதில் பயனில்லை.

இந்த எஞ்சின் சூடாவதற்குக் காரணம் அமைப்பிலேயே உண்டு. எக்ஸாஸ்ட் வால்வு பிளாக்குக்குள்; புகை சிலிண்டர்களுக்கு நடுவே நுழைந்து வெளியே போகிறது. பக்கத்துக்கு நான்கு சிலிண்டர், வெளிவழி மூன்றே. நடு இரண்டும் ஒரே வழியைப் பகிர்கின்றன. அந்த வெப்பமெல்லாம் தண்ணீருக்குள். அதனால்தான் வால்வு சீட்டிலிருந்து போர் (சிலிண்டர் துளை) பக்கம் விரிசல் ஓடுகிறது.

மேக்னஃப்ளக்ஸில் (காந்தத்தால் விரிசலைக் காட்டும் சோதனையில்) இரும்புப்பொடி தூவியபோது மெர்க்குரி பிளாக்கில் மூன்று எக்ஸாஸ்ட் சீட்டுகளிலிருந்து போருக்குள் முடி போலக் கோடு இறங்கியது. ஸ்லீவும் (சிலிண்டருக்குள் செருகும் உறை) சீட்டும் போட்டுச் சரிசெய்யலாம், ஆனால் மூன்று சிலிண்டருக்கு அந்தச் செலவு தகாது. 59ஏபி-யில் ஹெட் ஸ்டட் (ஹெட்டைப் பிடிக்கும் திருகுத்தண்டு) துளையிலிருந்து பக்கத்துத் தண்ணீர்த் துளைக்கு ஒரே ஒரு விரிசல். திருகாணி பின் வைத்துத் தைத்து, பிரஷர் டெஸ்ட் செய்தால் நிற்கும்.

மார்ச் 22
முடிவு: 59ஏபி பிளாக், மெர்க்குரி கிராங்க்.

ராடு (பிஸ்டனைக் கிராங்கோடு இணைப்பது) 8பிஏ-யினுடையதே வேண்டும். பழைய ராடு ஜோடிகள் ஒரே மிதக்கும் பேரிங்கைப் பகிர்பவை. இந்தக் கிராங்கில் ஒவ்வொரு ராடுக்கும் தனி எண்ணெய்த் துளை. பிஸ்டனும் 4 அங்குல ஸ்ட்ரோக்குக்கானதே (ஸ்ட்ரோக் என்பது முன்பு அளந்த பிஸ்டன் இறங்கும் தூரம்); ஃபோர்டு பிஸ்டன் போட்டால் பின் உயரம் ஒத்துவராது, டெக்குக்கு (பிளாக்கின் மேல்தளத்துக்கு) மேலே எட்டிப் பார்க்கும்.

போர் 3 3/16-லிருந்து 3 5/16 அங்குலத்துக்கு. 4 அங்குல ஸ்ட்ரோக்கோடு 276 கன அங்குலம் கிடைக்கும். கடைவதற்கு முன் ஒலியலையால் அளக்கும் சோனிக் கருவியால் எட்டுச் சிலிண்டர் சுவர்களின் தடிமனும் பார்க்கணும், வார்ப்பில் கோர் (உள்வெற்றிடத்தை உருவாக்கும் மணல் அச்சு) நகர்ந்திருந்தால் ஒரு பக்கம் மெலிந்திருக்கும். 3 3/8 வரை போகச் சொல்பவர்கள் உண்டு. தெருவில் ஓடும் வண்டிக்கு அந்த 10 கன அங்குலத்துக்காகச் சுவரை இழப்பது தப்பு.

மார்ச் 29
எட்டுச் சுவரும் தேறின. பிஸ்டன் கையில் வந்த பிறகே போர் கடைய வேண்டும், இடைவெளி ஒவ்வொரு பிஸ்டனையும் அளந்து வைப்பது. பிளாக் எண்ணெய் தடவிப் பையில் கட்டி நிற்கிறது.