சிவப்பு லாரியா என்று நான் கேட்டிருக்கக் கூடாது

கொள்ளிடக் கரையில் உதவி ஆய்வாளராக இருந்தபோது, இரவில் மணல் அள்ளுவோரைப் பற்றித் துப்புக் கொடுத்துவந்த முதிய விவசாயக் கூலி ஒருவரிடம், "சிவப்பு லாரியா பெரியவரே?" என்று கேட்டேன். "ஆமாங்கய்யா" என்றார். ஒரு வாரம் சிவப்பு லாரிகளை நிறுத்திச் சோதித்தும் எதுவும் சிக்கவில்லை. அவர் பொய் சொல்லவில்லை. அந்த நிறத்தை அவர் வாயில் வைத்தவன் நான்தான். கேட்பவர் அதிகாரி, கொடுப்பதற்குச் சன்மானமும் உண்டு என்னும்போது, 'தெரியாது' என்ற சொல் எளிதில் வராது.

அமெரிக்க உளவியலாளர்கள் எட்வர்ட் கைசல்மேனும் ரொனால்ட் ஃபிஷரும் 1980களில் உருவாக்கிய காக்னிட்டிவ் இன்டர்வியூ என்ற, கண்டவரின் நினைவை எழுப்பி விசாரிக்கும் முறையைப் பிறகுதான் படித்தேன். சாட்சிகளுக்காக உருவான முறை அது. மயாமியில் இதைப் பயின்ற துப்பறிவாளர்கள், பயிற்சிக்கு முன் பெற்றதைவிட 47 சதவீதம் கூடுதல் விவரம் பெற்றதாக 1989இல் வெளியான ஆய்வு கூறுகிறது.

அடுத்த முறை பெரியவரைப் பம்ப்செட் கொட்டகையில் சந்தித்து, "கண்ண மூடிக்கிட்டு அன்னைக்கி நின்ன எடத்துலயே நில்லுங்க, ஒண்ணுத்துக்கும் ஒதவாதுன்னு தோணுறதையும் சொல்லுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுக் காத்திருந்தேன். அந்த மௌனத்தைக் கலைக்காமலிருப்பதுதான் இந்த முறையில் மிகக் கடினமான பகுதி. வெகுநேரம் கழித்து, தோளில் கிடந்த ஈரத்துண்டைச் சொன்னார், நாணலின் சலசலப்பைச் சொன்னார், பிறகு, "மேடேறையில பின்கதவு டக்குடக்குன்னு அடிச்சுதுங்க, கயித்துல கட்டியிருந்தாங்க" என்றார். நிறம்? "நெலா இல்லீங்களே, நெறம் எங்க தெரிஞ்சுது."

தினமும் அதே கரையில் நடப்பவருக்கு இரவுகள் ஒன்றோடொன்று கலந்துவிடுகின்றன. சாட்சிக்கும் தகவலாளிக்கும் உள்ள பெரிய வேறுபாடு இதுவே. ஆகவே தேதியைக் கேட்காமல், அந்த இரவு மற்ற இரவுகளிலிருந்து எப்படி வேறுபட்டது என்று கேட்டேன். மேட்டூரில் திறந்த தண்ணீர் கல்லணை கடந்து தங்கள் வாய்க்காலுக்கு வந்த மறுநாள் என்றார். நாட்காட்டியைப் பார்த்தேன், அமாவாசை கழிந்த மூன்றாம் நாள், நடுநிசியில் நிலா இருக்க வாய்ப்பில்லை.

நிகழ்ச்சியைக் கடைசியிலிருந்து பின்னோக்கிச் சொல்லவைக்கும் உத்தி அவரைக் குழப்பியதால் அதை அன்றே கைவிட்டேன். ஆனால் கண்டதையும் பிறர் சொல்லிக் கேட்டதையும் தனித்தனியாகச் சொல்லவைத்தது மிகவும் பயன்பட்டது. நினைவை எழுப்பும் இந்த உத்திகள் பொய்யைப் பிடிப்பதற்காக உருவானவை அல்ல என்பதால், பின்கதவைக் கயிற்றால் கட்டிய லாரியை நாங்களே இரண்டு இரவு மறைந்திருந்து பார்த்து உறுதி செய்துகொண்டோம்.

தகவல் எங்கிருந்து வந்தது என்று சொல்லக் காவல் அலுவலரைக் கட்டாயப்படுத்த முடியாது என 1872ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்தின் 125ஆம் பிரிவு சொன்னது. அதனால் குறிப்பேட்டில் அவர் பெயரை எழுதவில்லை. "கயித்துல கட்டியிருந்தாங்க" என்பதை அவர் சொன்னபடியே எழுதினேன்.