ஏயா, ஈயா?

எங்கள் ஆங்கில சாருக்குப் பினாங்கில் 16ஆம் நாள் காரியமும் முடிந்துவிட்டதாம். பழைய மாணவர் மலருக்கு அவரைப் பற்றி எழுத உட்கார்ந்தால், கை முதலில் ‘ஸ்டேஷனரி’ என்றுதான் எழுதுகிறது. தமிழில் எழுதினால் வம்பே இல்லை. ஆங்கிலத்தில் ‘ஏ ஆர் ஒய்’ என்று முடிந்தால் நகராமல் நிற்பது, ‘ஈ ஆர் ஒய்’ என்று முடிந்தால் தாளும் உறையும். “குரோசர் விற்பது குரோசரி, ஸ்டேஷனர் விற்பது ஸ்டேஷனரி. கடைக்காரனுக்கு ஈ” என்பார். அந்த ஸ்டேஷனரும் தெருத்தெருவாகச் சுற்றாமல் ஓரிடத்தில் கடை போட்டவன்தான், இரண்டுக்கும் வேர் ஒன்றே. அதைச் சொன்னால் குழம்புவோம் என்று கடைசிவரை அவர் சொல்லவில்லை.

லைசென்ஸ், பிராக்டிஸ் இரண்டிலும் பெயர்ச்சொல்லுக்கு சி, வினைக்கு எஸ். சந்தேகம் வந்தால் அந்த இடத்தில் ‘அட்வைஸ்’ போட்டுப் பார்க்கலாம், காதே சொல்லிவிடும்: பெயர்ச்சொல்லில் எஸ் ஒலி, வினையில் இஸட் ஒலி. அமெரிக்காவுக்குப் போனவர்களுக்கு இது உதவாது. அங்கே லைசென்ஸுக்கு எப்போதும் எஸ், பிராக்டிஸுக்கு எப்போதும் சி.

சாருக்கு உயிர் என்னவோ குடும்பப் பெயர்கள்தாம். தெருப் பலகைகளே பாடநூல். பிட் ஸ்திரீட்டுக்கு டி இரண்டு. ஒன்று குறைந்தால் பிரிட்டிஷ் பிரதமர் பிட் வெறும் குழியாகிவிடுவார். லைட் ஸ்திரீட் விளக்கல்ல, 1786இல் இங்கே கொடியேற்றிய பிரான்சிஸ் லைட். துறைமுகக் கரையான வெல்ட் கீயில் இருப்பது ஆளுநர் பெயர், இரும்பை ஒட்டும் வேலையல்ல. அதை எழுத்துப்படி ‘வெல்ட் குவே’ என்று வாசித்தவன் மணியடிக்கும்வரை வகுப்பின் முன்னால் நின்றான்.

“இப்போ நீ எந்த ஸ்டேஷனரிடா?”

“ஏ, சார்.”

சிரித்தவர்களில் நாங்கள் எல்லாருமே உண்டு.

தையற்காரன் குடும்பப் பெயரானதும் ‘ஐ’ போய் ‘ஒய்’ வந்து டெய்லர் ஆனான். கிராணியை, அதாவது எழுத்தரை, ஆங்கிலேயர் ‘கிளார்க்’ என்றே உச்சரித்தார்கள். குடும்பப் பெயர் அந்த ஒலிப்படி ‘ஏ’ போட்டுக்கொண்டது, வேலைப் பெயரில் பழைய ‘ஈ’ தங்கிவிட்டது. ‘டபிள்யூ’வில் தொடங்கி ‘ஜி எச் டி’யில் முடியும் ரைட், பொருள் செய்பவன். பிளேரைட்டின் வாலும் அவன்தான், எழுதுவதைக் குறிக்கும் ரைட் அல்ல.

நமக்குக் குடும்பப் பெயர் என்ற வால் கிடையாது. மலேசிய அடையாள அட்டையில் வரும் ஏ/எல் மலாயில் வெறும் ‘அனாக் லெலாக்கி’, மகன். வெளிநாட்டுப் படிவமோ குடும்பப் பெயர்க் கட்டத்தைக் காலியாக விடாது. அப்பா பெயர் அங்கே போய் உட்கார்ந்துகொள்ளும். இந்த மலரின் பின்பக்க உறுப்பினர் பட்டியலிலும் அந்த வரிசைதான்: நம் அப்பாக்கள் அணிவகுத்து நிற்கிறார்கள்.

சார் போன செய்தியை வெல்ட் குவேகாரனிடம் சொல்லலாம் என்று பட்டியலைப் புரட்டினேன். அவன் அப்பா பெயரை நான் கேட்டதே இல்லை.