ஆர்க் மோடில் ‘நன்’ என்று வந்தால்

கோத்தகிரியில் எங்கள் வீட்டு மழைக் கணக்கையும் தேயிலைக் கொழுந்து எடையையும் நான் ஈமாக்ஸ் என்ற எழுதும் மென்பொருளின் ஆர்க் மோடில்தான் (குறிப்பு, அட்டவணை, நிரல் எல்லாம் ஒரே கோப்பில் இருக்கும் வசதி) எழுதிவருகிறேன். மேலே அட்டவணை, கீழே பைத்தான் மொழியில் எழுதிய நிரல்துண்டு (பிளாக்), அதற்கும் கீழே விடை. ஏன் இப்படிக் கணக்குப் போட்டேன் என்பதும் கூடவே இருக்கும். நிரலை மனிதர்கள் படிப்பதற்காக எழுதவேண்டும் என்று கணினி அறிஞர் டொனால்ட் க்னூத் 1984-இல் சொன்ன வழி இது. எனக்கு இதைவிட நல்ல கணக்குநோட்டு கிடையாது.

என் கோப்பைப் பார்த்து, குன்னூரில் இருக்கும் சித்தி மகளும் மழை குறிக்க ஆரம்பித்தாள். போன வாரம் கூப்பிட்டாள். “அக்கா, கண்ட்ரோல் சி ரெண்டு வாட்டி தட்டினா மொத்தம் வரணும்ல? ‘நன்’னுதான் வருது.” ‘நன்’ (None) என்றால் பைத்தானில் ‘மதிப்பு ஏதுமில்லை’ என்று பொருள்.

பிளாக் ஓடியிருக்கிறது, அதுவரை நல்லது. ஈமாக்ஸின் சொந்த மொழியான ஈமாக்ஸ் லிஸ்ப் தவிர மற்ற மொழிகளை நாமாகச் சேர்க்காவிட்டால் ஓடவே ஓடாது. சிக்கல் வேறு இடத்தில். செஷன் (பிளாக்குகளுக்குப் பொதுவாகத் தொடர்ந்து ஓடும் ஒரே பைத்தான்) போடாத பைத்தான் பிளாக்கில் ‘வேல்யூ’ (மதிப்பு) கேட்டால், ஆர்க் அதை ஒரு ஃபங்ஷனுக்குள் வைத்துப் புது பைத்தானில் ஓட்டும். ஃபங்ஷன் என்றால் விடையைத் திருப்பித் தரும் ரிட்டர்ன் வேண்டும், இல்லாவிட்டால் ‘நன்’தான். ரிட்டர்ன் எழுதலாம், அல்லது பிரிண்ட் எழுதி, பிளாக்கின் தலைப்பில் ‘ரிசல்ட்ஸ் அவுட்புட்’ என்று மாற்றலாம்.

அவள் ரிட்டர்ன் எழுதி, அதோடு செஷனையும் சேர்த்தாள். உடனே ‘ரிட்டர்ன் ஃபங்ஷனுக்கு வெளியே இருக்கிறது’ என்று பிழை. செஷனில் அந்த ஃபங்ஷன் உறை கிடையாது. கடைசி வரியின் மதிப்பே விடை. அங்கே ரிட்டர்னை எடுத்துவிட வேண்டும்.

செஷனில் நான் பயப்படுவது இன்னொன்றுக்கு. கோப்பிலிருந்து அழித்த பிளாக்கின் மாறிகூட (மதிப்புக்கு வைத்த பெயர்) செஷனுக்குள் உயிரோடு இருக்கும். எல்லாம் சரியாக ஓடுவதுபோலத் தெரியும். காற்றில் மரம் சாய்ந்து கரண்ட் போய், கம்ப்யூட்டர் மறுபடி எழுந்தபிறகுதான் ‘நேம் எரர்’ (அப்படி ஒரு பெயர் இல்லை என்ற பிழை) வந்து நிற்கும். அதனால் ஒரு எண்ணை யாரிடமாவது சொல்வதற்கு முன்னால் செஷன் ஓடும் பைத்தான் பஃபரை மூடிவிட்டு, கண்ட்ரோல் சி, கண்ட்ரோல் வி, பி தட்டி முழுக் கோப்பையும் மேலிருந்து ஓட்டுவேன். அவளையும் அப்படியே செய்யச் சொன்னேன்.

ஓட்டியதும் அடுத்தது வந்தது: எண்ணோடு எழுத்தைக் கூட்டமுடியாது என்ற ‘டைப் எரர்’. அட்டவணையில் காலிக் கட்டம் பைத்தானுக்கு வெற்றுச் சரமாக, அதாவது எழுத்தே இல்லாத எழுத்துத்தொடராகப் போகிறது. “எல்லாத்தையும் சைபர் ஆக்கிடட்டுமாக்கா?” என்றாள். கூடவே கூடாது என்றேன். காலையில் எட்டரைக்கு மழைமானியைப் பார்த்து, சொட்டுகூட இல்லை என்றால் சைபர். ஊருக்குப் போய் பார்க்காத நாள் காலி. இரண்டும் ஒன்றில்லை, அதுவும் வடகிழக்குப் பருவமழை கொட்டும் எங்கள் பக்கத்தில், ஐப்பசியில் விட்டுப்போன ஒரு நாளில் எவ்வளவு பெய்திருக்கும் என்று யார் கண்டது?

காலிக் கட்டங்களை விலக்கிக் கூட்டி, அளக்காத நாள்கள் எத்தனை என்பதையும் மொத்தத்துக்குப் பக்கத்திலேயே காட்டும்படி பிளாக்கை மாற்றிக்கொண்டிருக்கிறாள்.