402 மீட்டருக்கு ஒரு ஆர்எக்ஸ் 100

மதுரை சிம்மக்கல் பக்கம் பட்டறையில் மூன்று வாரமாகக் கிடந்த என் யமஹா ஆர்எக்ஸ் 100 பைக் நேற்று ராத்திரி முதல் உதையிலேயே ஸ்டார்ட் ஆகிவிட்டது, அந்த டூ ஸ்ட்ரோக் புகை வாசம் இன்னும் சட்டையில் இருக்கிறது.

இந்த வண்டி போகப்போவது டிராக் ரேஸுக்கு (drag race), அதாவது நின்ற இடத்திலிருந்து நேர்கோட்டில் சீறிப் போகிற போட்டிக்கு; தூரம் 402 மீட்டர், கால் மைல்தான். அதனால் டாப் ஸ்பீடைக் கொஞ்சம் விட்டுக்கொடுத்து, கிளம்புகிற இழுவைக்காகப் பின் ஸ்ப்ராக்கெட்டில், அதாவது பின் சக்கரத்துச் செயின் பல்சக்கரத்தில், பல் கூட்டினோம். கார்புரேட்டரில் பெட்ரோலை அளந்து விடுகிற ஜெட் விஷயத்தில் மட்டும் அவசரப்படாதீங்க தம்பிகளா, பெட்ரோல் குறைந்து காற்று கூடினால் பிஸ்டன் சூடேறி சீஸ் ஆகிவிடும், அதாவது இறுகிச் சிக்கிக்கொள்ளும். மெக்கானிக் அண்ணன் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி டியூப்லைட்டில் திருப்பிக் காட்டினார், நுனி வெளுத்திருந்தது, பெட்ரோல் போதவில்லை என்று அர்த்தம். மெயின் ஜெட்டை ஒரு சைஸ் ஏற்றினோம், இப்போது காப்பித்தூள் நிறம், கலவை சரி!

அப்புறம், ரிங் ரோட்டில் ஓட்டிக் காட்டச் சொல்லி யாரும் கேட்காதீங்க. குடும்பத்தோடு ஆட்கள் போகிற ரோடு அது. வண்டியை வேனில் ஏற்றி சென்னை பக்கம் இருக்கிற இருங்காட்டுக்கோட்டை ரேஸ் மைதானத்துக்குத்தான் கொண்டுபோகிறேன்.