டான்வர்ஸில் ஒரு பேரி மரம்

ஆகஸ்ட் கடைசியில் ஒரு சனிக்கிழமை, பாஸ்டனுக்கு வடக்கே சுமார் 30 கிலோமீட்டரில் இருக்கும் டான்வர்ஸுக்குப் போனோம். போனது ஒரே ஒரு பேரி மரத்தைப் பார்க்க.

மருத்துவ மையம் ஒன்றின் பின்னால், வேலிக்குள் நிற்கிறது. ஆளைத் திணறடிக்கும் உயரமெல்லாம் இல்லை. தூர் அருகே முறுக்கிக்கொண்டு, பிறகு தழைத்திருக்கிறது. வட அமெரிக்காவில் மனிதர் நட்டு இன்றும் உயிரோடிருக்கும் பழமரங்களில் இதுவே மிகப் பழையது என்கிறார்கள்.

இங்கிலாந்திலிருந்து 1628-ல் வந்திறங்கிய ஜான் எண்டிகாட் நட்டது. மாசசூசெட்ஸ் குடியேற்றத்தின் தொடக்ககால ஆளுநர் அவர். 1632-ல் அவருக்கு இங்கே 300 ஏக்கர் கிடைத்தது. அதற்கு முன்பு இது நாம்கீக் பழங்குடியினர் வாழ்ந்த மண். மரத்தை வியக்கும்போது அதையும் மறக்க எனக்கு மனம் வரவில்லை.

டான்வர்ஸ் அன்று சேலம் கிராமம். 1692-ல் சூனியம் வைத்ததாக அக்கம்பக்கத்தாரையே பிடித்துக் கொடுத்தார்களே, அப்போதே இந்த மரத்துக்கு நாற்பது வயது தாண்டிவிட்டது. 1804, 1815 புயல்களில் அடிபட்டது. இடையில் 1809-ல் இதன் பழங்கள் முன்னாள் அதிபர் ஜான் ஆடம்ஸுக்குப் போயிருக்கின்றன.

புயலைவிடக் கொடுமை 1964-ல் நடந்தது. ஒரு ஜூலை இரவில் யாரோ கிளைகளை எல்லாம் அறுத்துப் போட்டுவிட்டார்கள். மிஞ்சியது ஏறக்குறைய ஆறடி மொட்டை மரம். அதுவும் துளிர்த்தது! நான் தொட ஆசைப்பட்ட கொப்புகள் எல்லாம் அதற்குப் பிறகு வந்தவை. வேலி ஓரத்தில் நின்று ரொம்ப நேரம் அந்தத் தூரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

வேலிக்கு வெளியே ஒரு காய் விழுந்து கிடந்தது. மகள் துடைத்துக் கடித்தாள். "அப்பா, கொடைக்கானல் காய் மாதிரி கல்லா இருக்கு." வேகவைத்துச் சாப்பிடத்தான் தோதான ரகம் இது.

விதை போட்டால் வீட்டில் இதே மரம் வருமா என்று கேட்டாள். வராது, பேரியில் விதைக்கன்று தாயைப் போல இருக்காது. கொப்பு வெட்டி ஒட்டுக் கட்டினால்தான் அதே மரம் என்றேன். ஆரிகன் மாநிலம் கார்வாலிஸில் உள்ள அமெரிக்க வேளாண்துறையின் மரபுவளக் காப்பகத்தில் இந்த மரத்தின் வாரிசை அப்படித்தான் வளர்த்து வைத்திருக்கிறார்கள். இனி இங்கே ஏதாவது நேர்ந்தாலும் வம்சம் அற்றுப்போகாது.

எல்லாம் கேட்டுக்கொண்டாள். அப்புறம் அந்த விதைகளைக் காகிதத்தில் மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள்.