புரட்டிப் பார்ப்பவர்களுக்கு ஒரு கோப்பை

கோப்பையும் கேடயமும் செய்வது என் தொழில். நான் செய்து கொடுப்பவற்றில் பெரும்பாலானவற்றைப் பார்வையாளர்கள் பத்தடி தொலைவிலிருந்துதான் பார்ப்பார்கள். மேடை விளக்கில் மின்ன வேண்டும். இரு கைகளால் உயர்த்திப் பிடித்தால் புகைப்படத்தில் எடுப்பாக விழ வேண்டும். உலகக் கோப்பைக் கால்பந்தில் வழங்கும் தங்கக் கோப்பை 36.8 செ.மீ. உயரம், ஆறு கிலோவுக்குச் சற்று அதிக எடை. தூக்கிக் காட்டத் தோதான அளவு. மேசைப் போர் விளையாட்டுக் குழு ஒன்றின் போட்டிக்குக் கோப்பைகள் செய்யும் வேலை வந்தபோது அந்த அளவுகோல் எதுவும் உதவவில்லை. இவர்கள் கோப்பையைத் தூக்குவதில்லை. வாங்கியவுடன் கண்ணருகே கொண்டுபோகிறார்கள், வெளிச்சத்தில் சாய்க்கிறார்கள், பிறகு புரட்டி அடிப்பாகத்தைப் பார்க்கிறார்கள்.

விளையாட்டை அறியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒரு பெரிய மேசை. அதன்மேல் குன்று, காடு, இடிந்த கட்டடங்கள். இரண்டு பேர், ஆளுக்கொரு படை. வீரர்கள் பெரும்பாலும் 28 மி.மீ. உயரம். அளவு நாடாவால் தொலைவை அளந்து படையை நகர்த்துவார்கள், பகடை உருட்டித் தாக்குதலின் முடிவை அறிவார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரஷ்ய ராணுவ அதிகாரிகளின் பயிற்சியாக வளர்ந்த முறை இது. 1913இல் எச்.ஜி. வெல்ஸ் பொம்மை வீரர்களைக் கொண்டு வீட்டுத் தரையில் ஆடுவதற்கான விதிகளை ஒரு நூலாகவே வெளியிட்டார். ஆனால் கோப்பை செய்பவனுக்கு முக்கியமான செய்தி வேறு. துண்டு துண்டாக வரும் வீரனை வெட்டி எடுத்து, ஓரங்களைச் சுரண்டி, ஒட்டி, அடிப்பூச்சு கொடுத்து, கண்மணி வரை தூரிகையால் தீட்டுபவர் பெரும்பாலும் ஆடுபவரேதான். அச்சின் இரு பாதிகள் சந்திக்கும் இடத்தில் விழும் வார்ப்புக் கோடு என்றால் என்ன, காற்றுக்குமிழி எங்கே ஒளிந்துகொள்ளும் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. அவரிடம் பளபளப்பைக் காட்டி ஏமாற்ற முடியாது.

முதல் கூட்டத்திலேயே ஒருவர் நேரடியாகக் கேட்டார்: “எங்களில் பாதிப் பேர் வீட்டில் முப்பரிமாண அச்சுப்பொறி வைத்திருக்கிறோம். நாங்களே அச்சடித்துக்கொண்டால் என்ன?” நியாயமான கேள்வி. அச்சடிக்கலாம், அழகாகவும் வரும். ஆனால் அவர்கள் வாரந்தோறும் செய்கிற அதே பொருளில், அதே எடையில் ஒன்றைப் பரிசாகக் கொடுத்தால் அது அலமாரியில் இன்னொரு பொம்மையாகிவிடும். உருவத்தைக் கணினியில் நீங்கள் செதுக்குங்கள், மூலத்தை அச்சடித்துக் கொடுங்கள், வார்ப்பை என்னிடம் விடுங்கள் என்றேன். அப்படியே முடிவானது. அவர்களில் ஒருவர் செதுக்கிய உருவங்கள் என் பட்டறையின் வடிவங்களைவிடப் பல மடங்கு உயிர்ப்போடு இருந்தன என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

இன்னொன்றிலும் தொடக்கத்திலேயே கண்டிப்பாக இருந்தேன். விளையாட்டை வெளியிடும் நிறுவனங்களின் சின்னங்கள், புகழ்பெற்ற கதைமாந்தர்களின் கவசங்கள் எதுவும் கோப்பையில் வரக் கூடாது. அவை பிறர் உரிமை. அந்தத் தடை நன்மையாகவே முடிந்தது. எந்த விதிப்புத்தகத்தைக் கொண்டு ஆடுபவருக்கும் பொதுவான பொருள் எது என்று தேடியபோது இடிந்த சுவர் கிடைத்தது. எல்லா மேசையிலும் ஒன்று நிற்கும். எல்லாரும் அதன் பின்னால் ஒளிந்திருப்பார்கள். ஆகவே எல்லாக் கோப்பைக்கும் ஒரே சுவர், அதன்முன் பரிசுக்குப் பரிசு வேறுபடும் ஓர் உருவம் என்று தீர்மானித்தோம்.

உயரத்தில்தான் இழுபறி. குழுவில் சிலர் ஓரடி உயரம் கேட்டார்கள். 28 மி.மீ. வீரர்கள் அணிவகுத்து நிற்கும் அலமாரியில் அது போய் நின்றால் பூதம் போலிருக்கும். அதே 28 மி.மீ.இல் செய்தால் கூட்டத்தில் காணாமல் போகும். காட்சிக்காகவே தீட்டும் உருவங்களுக்குப் பலர் விரும்பும் 75 மி.மீ. அளவை எடுத்துக்கொண்டேன். பீடத்தோடு ஒரு கைப்பிடிக்குள் அடங்கும். சிறியதாயிற்றே என்று முகம் சுளித்தவர்களிடம், கிரிக்கெட்டில் ஆஷஸ் என்று பேர்பெற்ற சுடுமண் ஜாடி சுமார் 11 செ.மீ. உயரம்தான் என்று நினைவூட்டினேன். வாயடைத்தார்கள்.

உருவத்தை உலோகத்தில் வார்ப்பது, சுவரை ரெசினில், அதாவது திரவமாக ஊற்றினால் இறுகிப் பிளாஸ்டிக் போலாகும் பொருளில், வார்ப்பது என்று பிரித்துக்கொண்டேன். பழைய காலத்துப் பொம்மை வீரர்களில் ஈயம் கலந்திருக்கும். கையால் அடிக்கடி தொடும் பொருளில் அது வேண்டாம். வெள்ளீயத்தோடு சிறிது செம்பும் ஆண்டிமனியும் சேர்ந்த கலவை போதும். வெள்ளீயம் 232 டிகிரி செல்சியஸிலேயே உருகிவிடுவதால் வெப்பம் தாங்கும் சிலிகோன் அச்சிலேயே ஊற்றலாம். உட்புறத்தில் டால்க் பொடியைத் தூவித் தட்டிவிட்டால் உலோகம் மெல்லிய இடுக்குகளுக்குள்ளும் ஓடும். ஈட்டி முனை, விரல், துணியின் கிழிந்த நுனி ஆகியவற்றிலிருந்து காற்று வெளியேற மெல்லிய வாய்க்கால் கீற வேண்டும். இல்லையென்றால் முனை மழுங்கிப் பிறக்கும். அச்சில் ஈரம் துளியும் இருக்கக் கூடாது. சூடான உலோகத்தின் அடியில் சிக்கும் நீர் நொடியில் ஆவியாகி உலோகத்தையே முகத்தை நோக்கித் துப்பும்.

நான் அதிக நேரம் செலவிட்டது ஊற்றுவதில் அல்ல, அச்சின் இரு பாதிகளும் எங்கே சந்திக்க வேண்டும் என்ற யோசனையில். வழக்கமான கோப்பையில் அந்த வார்ப்புக் கோடு எங்கே விழுந்தாலும் மெருகுச் சக்கரம் தின்றுவிடும். இங்கே சக்கரத்தை வைத்தால் நுணுக்கங்களும் சேர்ந்து அழியும். ஆகவே கோடு மேலங்கியின் வெளி ஓரத்தில் ஓடி, தோள்பட்டையின் மடிப்பில் நுழைந்து, காலணியின் தையலில் முடியுமாறு அமைத்தேன். அரமும் உப்புத்தாளும் எட்டும் இடங்களில்தான் அது வெளியே தெரியும். முகத்தின் குறுக்கே கோடு விழுந்தால் இந்த விளையாட்டுக்காரர்கள் மன்னிக்க மாட்டார்கள். நானும்தான்.

சுவரின் வேலை எளிது, ஒரு நுணுக்கம் தவிர. ரெசினில் அச்சடித்த மூலத்தில் முழுதாக இறுகாத படலம் ஏதேனும் மிஞ்சியிருந்தால், பிளாட்டினம் வினையூக்கி கொண்ட சிலிகோன் அதைத் தொட்ட இடத்தில் இறுகாமல் பிசுபிசுவென்றே நின்றுவிடும். எனவே மூலத்தை ஆல்கஹாலில் கழுவி, புற ஊதா ஒளியில் நன்றாக இறுகவிட்டு, மேலே ஒரு காப்புப் பூச்சும் கொடுத்த பிறகே அச்செடுத்தேன். வார்க்கும்போது அழுத்தக் கலனில் வைத்தால் குமிழிகள் கண்ணுக்குத் தெரியாத அளவுக்குச் சுருங்கிவிடும். ரெசின் எடை குறைந்த பொருள். மரப் பீடத்துக்குள் இரும்புத் தகடு ஒன்றைப் புதைத்து அதைச் சரிக்கட்டினேன்.

வண்ணப் பரிசுக்கான கோப்பைதான் என்னை உட்காரவைத்து யோசிக்கச் செய்தது. படையை மிகச் சிறப்பாகத் தீட்டியவருக்கான பரிசு அது. அதற்கு வண்ணம் தீட்டுவது யார்? நான் தீட்டினால் வாங்குபவர் அன்றிரவே என் தூரிகைத் தடங்களை எண்ணிவிடுவார். அவரைவிடத் திறமையான ஒருவரைக் கொண்டு தீட்டினால், பரிசு அந்த ஒருவருக்கல்லவா போயிருக்க வேண்டும்? வெற்று உலோகமாகவே கொடுத்துவிடலாம் என்றேன். “அரைகுறை வேலை என்று நினைத்துவிட மாட்டார்களா?” என்று ஒருங்கிணைப்பாளர் கவலைப்பட்டார். மற்ற உருவங்களுக்குக் கறுப்புச் சாயத்தை நீர்த்துப் பூசி, மேடுகளில் துடைத்து, பள்ளங்களில் மட்டும் தங்கவிட்டிருந்தேன். இதற்கு அதுவும் இல்லை. தேய்த்துக் கழுவிய வெள்ளை உலோகம், அடியில் ஒரு திருகாணி. கழற்றி எடுத்துத் தீட்டிவிட்டு மறுபடி பொருத்திக்கொள்ளலாம். வெள்ளீயக் கலவை மென்மையானது, அதிலேயே மரை வெட்டினால் சில தடவைகளில் தேய்ந்துபோகும் என்பதால் காலடியில் பித்தளை மரைக்குழாய் பதித்தேன்.

திருகாணி வந்ததும் அடிப்பாகம் தானாகவே முக்கியமாகிவிட்டது. வழக்கமாக அங்கே ஒரு வெல்வெட் துணியை ஒட்டி எல்லாப் பாவங்களையும் மூடிவிடுவோம். இந்தத் தடவை துணி இல்லை. மரத்தை மேற்புறம் போலவே இழைத்து எண்ணெய் கொடுத்து, திருகாணித் தலை உள்ளடங்கக் குழி வெட்டி, போட்டியின் ஆண்டையும் பரிசின் பெயரையும் அங்கேயே பொறித்தேன். முன்புறப் பித்தளைத் தகடு வெறுமையாகவே சென்றது. கடைசிச் சுற்று முடியும்வரை யார் பெயர் என்று தெரியாதே.

கடைசி இடத்துக்கும் ஒரு பரிசு உண்டு. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் கணிதத் தேர்வில் தேறியவர்களில் கடைசியாக வந்தவருக்கு மரக் கரண்டி கொடுத்துக் கேலி செய்யும் பழக்கம் 1909 வரை இருந்தது. அந்த வழியில் இங்கேயும் ஏதாவது மலிவாகச் செய்துவிடலாம் என்று ஒரு யோசனை வந்தது. எனக்கு அதில் உடன்பாடில்லை. இந்தப் போட்டி சுவிஸ் முறையில் நடப்பது; 1895இல் சூரிச் நகரின் சதுரங்கப் போட்டியில் முதன்முதலாகக் கையாண்ட முறை. தோற்றவரை வெளியேற்றாமல், ஏறக்குறைய அதே புள்ளி உள்ளவரோடு அடுத்த சுற்றில் மோதவிடுவார்கள். அப்படியானால் கடைசி இடத்துக்காரர் எல்லாச் சுற்றிலும் தோற்றுக்கொண்டே கடைசிவரை உட்கார்ந்திருந்தவர். அவருக்கும் அதே சுவர், அதே உலோகம். உருவம் மட்டும் ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு, கவிழ்ந்த முரசின்மேல் உட்கார்ந்து பகடையை முறைத்துக்கொண்டிருக்கும். செதுக்கியவர் அந்தப் பகடையின் மேல்முகத்தில் ஒற்றைப் புள்ளி வைத்திருந்தார்.

எதிராளிகள் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் நற்பண்புப் பரிசுக்கு அளவு நாடாவைப் பிடித்திருக்கும் வீரன். மேசையில் சண்டை மூள்வது பெரும்பாலும் அரை அங்குலத்துக்காகத்தான். நாடாவின் மறுமுனையை எதிராளியிடம் கொடுத்துப் பிடிக்கச் சொல்பவரோடு யாரும் சண்டை போடுவதில்லை. முதல் பரிசின் உருவம் கொடியோடு நிற்கும் வழக்கமான வெற்றி வீரன். இருப்பவற்றில் அதுதான் சுமார் என்பது என் கருத்து.

போட்டி முடிந்ததும் அடுத்த ஆண்டுக்கும் இதே அச்சைப் பயன்படுத்தலாமா என்று கேட்டார்கள். உலோகம் ஊற்ற ஊற்ற சிலிகோன் கருகி வெடிப்பு விடும். எப்படியும் புதிய அச்சு தேவைப்படும். அப்படியிருக்க அதே உருவங்களைத் திரும்பச் செய்வானேன்? உருவங்கள் மாறட்டும், சுவர் தொடரட்டும் என்றேன். இந்த ஆண்டுச் சுவரின் வலது விளிம்பில் உடைந்த செங்கற்களின் வரிசையை அளந்து வைத்திருக்கிறேன். அடுத்த சுவரின் இடது விளிம்பு அதில் கச்சிதமாகப் பொருந்த வேண்டும். செதுக்குபவரிடம் அளவுகளைக் கொடுத்தாயிற்று. இரண்டு கோப்பைகளையும் யார் சேர்த்து வைப்பார் என்பதை இப்போதே பந்தயம் கட்டிப் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.