வெள்ள நீரில் நின்ற அலாய் வீல்களுக்கு வீட்டிலேயே மீண்டும் வண்ணம் பூசிய அனுபவம்

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழை சென்னையைச் சூழ்ந்தபோது, வேளச்சேரியை ஒட்டிய எங்கள் தெருவில் என் கார் இரண்டு நாட்கள் தண்ணீரில் நின்றது. தண்ணீர் சக்கரத்தின் பாதி உயரத்தைத் தாண்டவில்லை. உள்ளறைக்கும் எஞ்சினுக்கும் ஒன்றும் ஆகவில்லை என்ற நிம்மதியில் சக்கரங்களை நான் சரியாகப் பார்க்கவில்லை. அடுத்த கோடையில்தான், நடைபாதை ஓரக்கல்லில் முன்பே உரசியிருந்த இடங்களிலிருந்து கிளம்பி, மேல்பூச்சுக்கு அடியில் மண்புழு ஊர்ந்த தடம் போல வெள்ளைக் கோடுகள் ஓடியிருப்பதைக் கண்டேன். சில இடங்களில் நகத்தால் தொட்டாலே பூச்சு செதிலாக எழுந்து வந்தது. அதற்கடியில் அலுமினியம் சுண்ணாம்புத் தூளாகப் பொரிந்திருந்தது.

சக்கரங்களைப் புதுப்பிக்கும் கடை ஒன்றில் விசாரித்தபோது, ஒரு சக்கரத்துக்கு 3,500 ரூபாய் கேட்டார்கள். அது நியாயமான கூலிதான். ஆனால் கையால் செய்யும் வேலைகளில் எனக்கு ஈடுபாடு உண்டு. ஸ்டெப்னியை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு சக்கரமாகக் கழற்றிச் செய்யலாம் என்பதால், கார் ஓடாமல் நிற்கவும் வேண்டியதில்லை.

தொடங்கும் முன், பல ஆண்டுகளாகக் கார்களுக்கு வண்ணம் பூசிவரும் எங்கள் பகுதிப் பெயின்டர் அண்ணனிடம் சக்கரங்களைக் காட்டினேன். அவர் முதலில் கீறல்களைப் பார்க்கவே இல்லை. சக்கரத்தைத் திருப்பி வைத்து, உட்புற விளிம்பை விரலால் ஒரு சுற்றுத் தடவிவிட்டு, "தம்பி, வெடிப்பு இருந்தா வண்ணம் அடிக்கிற வேலையே இல்லை, அதைத் தூக்கிப் போட்டுரணும்" என்றார். இந்த அனுபவத்தில் நான் கற்றவற்றில் இதையே முதன்மையாகச் சொல்வேன். வீட்டில் நாம் சரிசெய்யக்கூடியது மேற்பரப்பை மட்டுமே. ஸ்போக்கில் ஆழமான வெட்டு, விளிம்பில் நெளிவு, மயிரிழை வெடிப்பு ஆகிய எதையும் பட்டி (பள்ளத்தை நிரப்பும் பசை) வைத்து மறைக்கக் கூடாது. இந்த உலோகக் கலவை வார்க்கப்பட்ட பின் வெப்பப் பதப்படுத்தலால் உறுதி பெறுவது. கண்டபடி சூடேற்றித் தட்டினாலோ பற்றவைத்தாலோ அந்த உறுதி அவ்விடத்தில் போய்விடும். என் நான்கு சக்கரங்களிலும் அப்படி எதுவும் இல்லை என்று உறுதிசெய்துகொண்ட பின்னரே ஜாக்கியை எடுத்தேன்.

கழற்றிய சக்கரத்தை முதலில் சோப்பு நீரில் இருபுறமும் கழுவினேன். பிரேக்கிலிருந்து வரும் கரிய தூள் ஸ்போக்குகளின் பின்பக்கம் தார் போல ஒட்டியிருந்தது. அதற்குப் பழைய பல்துலக்கியும் பொறுமையும் போதுமானவையாக இருந்தன. கறை சீக்கிரம் போகும் என்று சிலர் கழிவறை ஆசிட்டைப் பயன்படுத்துவதைப் பார்த்திருக்கிறேன். அது அலுமினியத்தையே அரிக்கும் என்பதால், தயவுசெய்து யாரும் அதைச் செய்யாதீர்கள். அதேபோல் இரும்புக் கம்பித் தூரிகையும் வேண்டாம். அதன் நுண்துகள்கள் மென்மையான அலுமினியத்தில் பதிந்து, பின்னாளில் புதிய அரிப்புக்கு வித்திடும்.

அடுத்தது தேய்ப்பு. மொத்த வேலையில் முக்கால்வாசி நேரம் இதற்கே போனது. பொரிந்த இடங்களை 80 எண் உப்புத்தாளால், வெண்தூள் முழுவதும் நீங்கிப் பளிச்சென்ற உலோகம் தெரியும்வரை தேய்த்தேன். ஒரு புள்ளி வெண்மை எஞ்சினாலும் அரிப்பு அங்கிருந்தே மீண்டும் பூச்சுக்கு அடியில் நகரத் தொடங்கும். பின்னர் 180, 320 என்று மேலும் மேலும் நைசான தாள்களுக்கு ஏறி, பழைய பூச்சும் வெற்று உலோகமும் சேரும் ஓரத்தைப் படிப்படியாகச் சரிவாக்கினேன். இந்தச் சரிவு போதுமா என்பதைக் கண் சொல்லாது. கண்ணை மூடிக்கொண்டு நகத்தின் நுனியை அந்த ஓரத்தின் குறுக்கே மெல்ல இழுக்க வேண்டும். நகம் சற்றே இடறினாலும் வண்ணம் பூசிய பிறகு அங்கே ஒரு கோடு தெரியும். முதல் சக்கரத்தில் எனக்கு எட்டு இடங்களில் நகம் இடறியது. முகக்கவசம் அணிந்து, திறந்த வெளியில், அடுப்பும் தீப்பொறியும் அருகில் இல்லாத இடத்தில்தான் தேய்த்தேன், ஏனெனில் அலுமினியத் தூள் நுரையீரலுக்கும் ஆகாது, எளிதில் தீயும் பற்றும்.

ஓரக்கல்லில் உரசி உண்டான பள்ளங்களில் ஆழமற்றவை தேய்ப்பிலேயே மறைந்தன. மற்றவற்றுக்குக் கார்களுக்கான இரு பகுதிப் பட்டியை வாங்கினேன். நூறு கிராம் பட்டிக்கு இரண்டு கிராம் அளவில்தான் அதை இறுகவைக்கும் ஹார்டனர் கலக்க வேண்டும். நம் ஊர் வெயிலில் அது சில நிமிடங்களிலேயே இறுகிவிடுவதால், எலுமிச்சை அளவு உருண்டைக்கு மேல் ஒரே நேரத்தில் கலக்காமல் இருப்பது நல்லது. பட்டியை வெற்று உலோகத்தின் மீதே வைத்தேன். வண்ணத்துக்கு முன் அடிப்பூச்சாகப் பூசும், அலுமினியத்துக்கான எட்ச் பிரைமரில் அமிலம் உண்டு. அதன் மேல் இந்தப் பட்டியை வைத்தால் பிடிமானம் கெடும் என்று பெயின்டர் அண்ணன் எச்சரித்திருந்தார். எனவே பட்டி முதலில், பிரைமர் பிறகு என்ற வரிசையை நான்கு சக்கரங்களிலும் மாற்றவில்லை.

டயரைக் கழற்றாமலேயே வண்ணம் பூச ஒரு வழி உண்டு. காற்றை நன்றாக இறக்கிவிட்டு, விளிம்புக்கும் டயருக்கும் இடையில் தடித்த அட்டைகளைச் சுற்றிலும் செருக வேண்டும். சீட்டுக்கட்டைத்தான் பலர் சொல்வார்கள். எங்கள் வீட்டு அலமாரியில் சேர்ந்திருந்த கல்யாணப் பத்திரிகைகளை நீள்சதுரமாக நறுக்கி ஒன்றன்மேல் ஒன்று சற்றுப் படியுமாறு செருகினேன். மாஸ்கிங் டேப்பை வளைவில் ஒட்டுவதைவிட இது சுத்தமாக அமைந்தது.

வால்வுக்கு டேப் ஒட்டினேன். அத்துடன் இரண்டு இடங்களை மறவாமல் மறைத்தேன்: நட்டுகள் அமரும் கூம்பு வடிவக் குழிகள், சக்கரம் ஹப்போடு (அச்சு முனையில் சக்கரம் பொருந்தும் பகுதி) சேரும் பின்பக்கத் தட்டைப் பரப்பு. இங்கே வண்ணப் படலம் இருந்தால், ஓட்டத்தில் அது நசுங்கி, இறுக்கிய நட்டு தளர்ந்துவிடும். அழகுக்காகச் செய்யும் வேலை ஆபத்தாக மாறும் இடம் இதுதான் என்பதால், குழிகளுக்கு அளவாக வெட்டிய தெர்மோகோல் அடைப்புகளைச் செய்து வைத்துக்கொண்டேன்.

இத்தனை கவனத்துக்குப் பிறகும் முதல் சக்கரம் தோற்றது. 2024 அக்டோபரில், மழை விட்ட ஒரு பிற்பகலில் வேலையைத் தொடங்கினேன். பிரைமர் நன்றாகப் படிந்தது. வெள்ளி நிற ஸ்ப்ரேயை அடித்தவுடன், விளிம்போரம் முழுவதும் கடுகளவு வட்டங்களாக வண்ணம் விலகி, ஒவ்வொரு வட்டத்தின் நடுவிலும் பிரைமர் தெரிந்தது. மீன்கண் என்று பெயின்டர்கள் சொல்லும் குறை இது. காரணம், டயரைக் கறுப்பாக மினுக்க நான் மாதந்தோறும் தடவிவந்த பாலிஷில் உள்ள சிலிகான். சோப்பு நீரில் அது போவதில்லை. அதைத் துடைத்து எடுக்கத் தனியாகக் கிரீஸ் நீக்கி வேண்டும். அதுவும் தேய்ப்பதற்கு முன்பே துடைக்க வேண்டும், இல்லையேல் உப்புத்தாளே சிலிகானை உலோகத்துக்குள் பரப்பிவிடும். அதை உணராமல், காய்ந்ததும் அந்த இடங்களை மட்டும் தேய்த்து மீண்டும் பூசி, அன்று மாலையே, வண்ணத்தைக் காக்கும் நிறமற்ற மேல்பூச்சான கிளியர் கோட்டும் அடித்தேன். ஈரக்காற்றில் கரைப்பான் ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து, அதில் நீர் படிந்து, அரை மணி நேரத்தில் சக்கரம் முழுவதும் பால் படர்ந்தாற்போல வெளுத்தது. ஒரு வாரப் பிரயத்தனம் வீணானதில் எனக்கு உண்மையிலேயே மனம் சோர்ந்தது.

மூன்று மாதங்களுக்கு மேல் காத்திருந்து, 2025 பிப்ரவரியில், மாசி மாதத்தின் வறண்ட காலைகளில் அதே சக்கரத்தை மீண்டும் உலோகம்வரை தேய்த்துத் தொடங்கினேன். காலை ஒன்பது முதல் பதினொன்று வரைதான் பூச்சு வேலை. உச்சி வெயிலில் உலோகம் சுடுவதால் வண்ணம் படியும் முன்பே உலர்ந்து சொரசொரப்பாகிவிடும். இம்முறை கிரீஸ் நீக்கியை ஒரு துணியால் தடவி, அது காயும் முன் வேறொரு சுத்தமான துணியால் எடுத்தேன். இதை மூன்று முறை செய்தேன். எட்ச் பிரைமர் மெல்லியதாக இரண்டு படலம், காய்ந்ததும் 600 எண் வாட்டர் பேப்பரால் லேசான தேய்ப்பு, பின் வெள்ளி நிறம் மூன்று படலம், கிளியர் கோட் மூன்று படலம். டப்பாவை இரண்டு நிமிடம் குலுக்கி, ஒரு சாண் தூரத்துக்குக் குறையாமல் பிடித்து, சக்கரத்துக்கு வெளியே அழுத்தத் தொடங்கி, அதைக் கடந்து மறுபுறம் வெளியே சென்ற பிறகே அழுத்துவதை நிறுத்த வேண்டும். முதல் படலம் பனி படர்ந்தது போலப் புள்ளி புள்ளியாகத்தான் இருக்க வேண்டும். ஒரே வீச்சில் முழுவதும் மறைய வேண்டும் என்று அவசரப்பட்டால் ஸ்போக்கின் அடியில் வண்ணம் வழிந்து நிற்கும்.

கிளியர் கோட்டில் ஹார்டனர் கலந்த இரு பகுதி வகை பெட்ரோலுக்கும் பிரேக் ஆயிலுக்கும் நன்றாகத் தாங்கும் என்பதை அறிந்தே, நான் சாதாரண ஒரு பகுதி வகையைத் தேர்ந்தெடுத்தேன். இரு பகுதி வகையில் உள்ள ஐசோசயனேட் என்ற வேதிப்பொருள் ஆஸ்துமாவை உண்டாக்கக்கூடியது. அதற்குத் தகுந்த பாதுகாப்பு வீட்டில் என்னிடம் இல்லை. நான் பூசிய வகைக்கும் சாதாரணத் துணிக் கவசம் போதாது. கரிம ஆவியைத் தடுக்கும் கார்ட்ரிட்ஜ் பொருத்திய கவசத்தை அணிந்தேன்.

பூசிய சக்கரத்தை ஒரு வாரம் அப்படியே விட்டேன். பின்னர் காற்று நிரப்பி, விளிம்போரம் சோப்பு நீர் தடவிக் குமிழி வருகிறதா என்று பார்த்து, பஞ்சர் கடையில் பேலன்சிங் செய்து மாட்டினேன். நட்டுகளை எதிரெதிராக இறுக்கி, காரின் கையேட்டில் உள்ள அளவுக்கு, இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரென்ச்சால் முடித்து, ஐம்பது கிலோமீட்டர் ஓட்டிய பின் மீண்டும் சரிபார்த்தேன். எந்த நட்டும் நகரவில்லை. நான்கு சக்கரங்களும் முடிய ஏப்ரல் ஆனது. வீணான முதல் முயற்சியையும் சேர்த்து, உப்புத்தாள், பட்டி, ஸ்ப்ரே டப்பாக்கள், கவசம் அனைத்துக்கும் ஆறாயிரம் ரூபாய்க்குச் சற்று மேல் செலவானது.

அடுத்து வந்த மழைக்காலம் முழுவதும் ஓடிய பிறகும் வெள்ளைத் தடம் எதுவும் திரும்பவில்லை. பின் இடது சக்கரத்தில் மட்டும் ஒரு நட்டுக் குழியைச் சுற்றி வண்ணம் பெயர்ந்திருக்கிறது. பஞ்சர் ஒட்டியபோது தடித்த ஸ்பேனர் உரசியதால் நேர்ந்தது அது. அந்த இடத்தைச் சிறு தூரிகையால் சரிசெய்துவிட்டு, மெல்லிய சுவருள்ள சாக்கெட் ஒன்றை வாங்கி டிக்கியில் வைத்திருக்கிறேன். இப்போது பஞ்சர் கடைக்குப் போனால் அதைத்தான் எடுத்துக் கொடுக்கிறேன்.